கட்டைவிரல் அளவு மீன், ரூலர் நீளப் பிரச்சினை: உங்கள் தொட்டியில் எத்தனை பெரிய சிக்லிட் மீன்களை விடலாம்?

கடையில் பார்க்கும்போது அது உங்கள் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒன்று வாங்கப் போனவர் நான்கு வாங்கிக்கொண்டு வருவது சர்வ சாதாரணம். தொட்டிதான் அவ்வளவு காலியா இருக்கே!

அந்த மீன் ஆஸ்கராக இருந்தால், நன்றாகத் தீனி கிடைக்கும் முதல் ஆண்டில் மாதத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் வளரும். இந்தத் தீபாவளிக்கு வாங்கிய குஞ்சு, அடுத்த தீபாவளிக்குள் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 30 செ.மீ. ரூலரின் நீளத்தை நெருங்கிவிடும். அதன் பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

இப்போது நான்கு ரூலர்களை உங்கள் தொட்டிக்குள் வைத்துப் பாருங்கள். அவை திரும்ப வேண்டும், சாப்பிட வேண்டும், கழிவை வெளியேற்ற வேண்டும், சண்டை வந்தால் ஒதுங்க இடமும் வேண்டும். முடியுமா?

முடியாது என்று தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது. தொட்டியில் மீன் சாகிறது, அல்லது ஒருநாள் இரவு வாளியில் ஏறிப் பக்கத்து ஆற்றுக்குப் போய்விடுகிறது. இந்தக் கட்டுரை அந்த வாளி வரை போகாமல் இருப்பதற்காக.

சிக்லிட் என்றால் எந்த மீன்?

சிக்லிட் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு பெரிய மீன் குடும்பம். பெயர் புதிதாக இருக்கலாம், ஆனால் நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பீர்கள். சந்தையில் விற்கும் திலாப்பியா ஒரு சிக்லிட்தான். தமிழ்நாட்டில் அதை ஜிலேபிக் கெண்டை என்பார்கள். இங்கே நம் மூத்தவர்கள் சிலர் இன்னும் 'ஜப்பான் மீன்' என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பரவிய மீன் என்பதால்.

தொட்டியில் வளர்க்கும் பெரிய சிக்லிட்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம் காண்பது மூன்று. அமேசான் பகுதியைச் சேர்ந்த ஆஸ்கர். வாயை முழுசாக மூட முடியாத, ஆரஞ்சு நிற பிளட் பேரட். இது தைவானில் உருவான கலப்பினம். மூன்றாவது, நெற்றியில் பந்து போலப் புடைப்பு வைத்திருக்கும் ஃபிளவர்ஹார்ன். சீன நண்பர்கள் இதை லுவோஹான் என்பார்கள்.

ஃபிளவர்ஹார்ன் நம் நாட்டுப் பிள்ளை. இயற்கையில் எந்த ஆற்றிலும் கிடையாது. 1990களில் மத்திய அமெரிக்கச் சிக்லிட் இனங்களைக் கலந்து மலேசிய மீன் வளர்ப்பாளர்கள் உருவாக்கியது அது. 2000களின் தொடக்கத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதற்கு ஒரு பெரிய மோகமே இருந்தது. நெற்றிப் புடைப்பு பெரிதாக இருந்தால் அதிர்ஷ்டம் என்றார்கள். உடம்பில் இருக்கும் கறுப்புக் கோலங்களில் நம்பர் தேடி, ஃபோர் டி எடுத்தவர்களும் உண்டு. மோகம் அடங்கியது. ஆனால் வாங்கிய மீன்கள் அடங்கவில்லையே, அவை வளர்ந்துகொண்டேதான் இருந்தன.

'ஒரு கேலனுக்கு ஓர் அங்குலம்' என்ற கணக்கு சரிதானா?

மீன் வளர்ப்பவர்களிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். கப்பி, டெட்ரா போன்ற சின்ன மீன்களுக்கு இது ஓரளவு உதவும். பெரிய சிக்லிட்களுக்கு இதைப் பயன்படுத்தினால் ஆபத்து.

ஏன் என்று பார்ப்போம். 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 255 லிட்டர் கொள்ளும். அதாவது ஏறக்குறைய 67 கேலன். அந்தக் கணக்குப்படி 12 அங்குல ஆஸ்கர் ஐந்து விடலாம். அனுபவம் உள்ள எவரும் அதில் ஐந்து வளர்ந்த ஆஸ்கரை விடமாட்டார்.

இந்தக் கணக்கு நீளத்தை மட்டும் பார்க்கிறது. மீனோ நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. உயரம், தடிமன் எல்லாம் சேர்ந்து வளர்கிறது. நீளம் ஆறு மடங்கானால் எடை ஆறு மடங்கு ஆகாது, 6 x 6 x 6, அதாவது சுமார் 216 மடங்கு ஆகும். அப்படியானால் 5 செ.மீ. குஞ்சுகள் ஆறும், 30 செ.மீ. மீன் ஒன்றும் 'அங்குலக் கணக்கில்' சமம். எடையில் அந்த ஒற்றை மீன், ஆறு குஞ்சுகளும் சேர்ந்த எடையைப் போல 36 மடங்கு. அது சாப்பிடுவதும் கழிப்பதும் அந்த எடையை ஒட்டித்தான் இருக்கும்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: 'மீன் தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும்.' கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில், நெருக்கடியான தொட்டியில் தண்ணீர் கெட்டுப்போவதால்தான் வளர்ச்சி தடைபடுகிறது. அது மீன் தன்னைச் சரிசெய்துகொள்வது அல்ல, நோய்வாய்ப்படுவது. ஆயுளும் குறையும்.

கண்ணுக்குத் தெரியாத நெரிசல்

நெரிசல் என்றதும் மீனோடு மீன் முட்டிக்கொண்டு நிற்கும் காட்சி மனதில் வரும். அந்தக் கட்டத்துக்கு வருமுன்பே தண்ணீருக்குள் நெரிசல் வந்துவிடுகிறது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகினாலும் அம்மோனியாதான். இது நஞ்சு. ஃபில்டரில் உள்ள ஸ்பான்ச், செராமிக் வளையங்கள் ஆகியவற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இதை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டால் உடனடி ஆபத்து குறைவு, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்ற வழக்கமான வழி தண்ணீர் மாற்றுவதுதான்.

புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதனால்தான் சனிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டால் அடுத்த வாரம் சாவு விழுகிறது.

நம் ஊர் வெப்பமும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 28 டிகிரியில் சுமார் 7.8 மில்லிகிராம்தான். வெப்பம் கூடினால் மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது, அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய வழிகாட்டியில் 'நான்கு மீன் விடலாம்' என்றிருந்தால், உச்சிவெயில் அடிக்கும் கிள்ளான் வீட்டுக் கார் போர்ச்சில் இருக்கும் தொட்டிக்கு அது பொருந்துமா என்று யோசியுங்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் 'இக்கான் பண்டாராயா'வையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். அது சிக்லிட் இல்லை, கெளுத்தி வகை. கண்ணாடியில் உள்ள பாசியைக் கொஞ்சம் தின்னும். ஆனால் அதுவும் அரை மீட்டரை நெருங்கி வளரக்கூடியது, அதன் கழிவும் ஏராளம். துப்புரவுக்கு ஆள் வைத்தால் அவரே வீட்டில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்ட கதை.

தண்ணீர் வெட்டு வந்தால்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் யாருக்கும் இது கற்பனைக் கேள்வி அல்ல. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டதால், சுங்கை சிலாங்கூர் நீரை நம்பியிருக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அக்டோபரில் மறுபடியும் அதே கதை. குளிக்கவே தண்ணீர் இல்லாத நாட்களில் மீன் தொட்டிக்கு யார் ஊற்றப் போகிறார்கள்?

ஒரு மீன் மட்டும் இருக்கும் 255 லிட்டர் தொட்டி, தீனியைக் குறைத்தால் ஒரு வாரத்தைச் சமாளித்துவிடும். நான்கு மீன் இருக்கும் தொட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. 'இப்ப நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும் தொட்டிகூட, வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றுவதால்தான் நன்றாக இருக்கிறது என்றால், அது ஒரு குழாயை நம்பி நிற்கும் தொட்டி.

தண்ணீர் திரும்ப வந்த பிறகுதான் பலர் மீனை இழக்கிறார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள காரத்தைத் தீர்த்துக்கொண்டே போகும். நெரிசலான தொட்டியில் நாள்கள் போகப் போகத் தண்ணீர் அமிலத்தன்மை அடையும். ரொம்பவும் அமிலமானால் பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடும். அம்மோனியா சேரும். ஆனால் அமில நீரில் அது அம்மோனியம் என்ற நச்சுக் குறைந்த வடிவில் இருக்கும் என்பதால் மீன் எப்படியோ தாக்குப்பிடிக்கும்.

அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் முக்கால்வாசித் தண்ணீரை ஒரே தடவையில் மாற்றினால், தொட்டியின் அமிலத்தன்மை சட்டென்று குறையும். மிச்சமிருக்கும் அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறிவிடும். சுத்தமான தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் சாவது இப்படித்தான்.

எனவே வெட்டுக்குப் பிறகு 15 முதல் 20 விழுக்காடு வரை, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மெதுவாக மாற்றுங்கள். முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் தெளியும் வரை திறந்துவிட்டு, அதை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். குழாய் நீரில் குளோரின் உண்டு, அது ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைக் கலக்காமல் ஊற்ற வேண்டாம். ஸ்பான்ச்சைக் குழாயடியில் பிழிவதும் அதே தவறுதான். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

'கூட்டமா விட்டா சண்டை போடாது' என்கிறார்களே?

பாதி உண்மை. அதனால்தான் அதிகம் தவறாகப் பயன்படுகிறது.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த இம்புனா என்ற சிறிய சிக்லிட்கள் இருக்கின்றன. பெரும்பாலும் 10 முதல் 12 செ.மீ. வளரும். அவற்றைக் குறைவாக விட்டால், பலமான மீன் ஒன்று ஒரே மீனைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். அதனால் அனுபவசாலிகள் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக விடுவார்கள். அடி எல்லாருக்கும் பகிர்ந்து விழும். ஆனால் அவர்கள் அதற்கு ஈடாகப் பெரிய ஃபில்டர் வைத்து, ஏராளமான தண்ணீர் மாற்றுகிறார்கள். அந்தப் பகுதி காதுக்கு வந்து சேர்வதே இல்லை.

ஃபிளவர்ஹார்ன், ரெட் டெவில் போன்ற பெரிய அமெரிக்க வகைகளுக்கு இந்த வித்தை செல்லாது. அவை எல்லை வகுத்துக்கொள்ளும் மீன்கள். ஒரு ஃபிளவர்ஹார்னுக்கு நான்கடி தொட்டி முழுவதும் 'என் இடம்'தான். இன்னொன்றை விட்டால், தோற்ற மீன் ஓடி ஒளிய இடமில்லை. இயற்கையில் தோற்றவன் நீந்திப் போய்விடுவான், சண்டை அதோடு முடியும். கண்ணாடிப் பெட்டியில் அந்த முடிவு கிடையாது.

குஞ்சுப் பருவத்தில் ஒன்றாக விளையாடியவைதானே என்று நம்பாதீர்கள். இனப்பெருக்க வயது வந்ததும் குணம் மாறும். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்த ஜோடி, முட்டையிட்ட வாரத்தில் தொட்டியில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளிவிடும்.

சரி, எத்தனைதான் விடலாம்?

முதலில் உங்கள் தொட்டியின் கொள்ளளவைக் கண்டுபிடியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் வரும். கல், மண், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக, அதில் 10 முதல் 15 விழுக்காட்டைக் கழித்துவிடுங்கள்.

2 x 1 x 1 அடி தொட்டியில் சுமார் 57 லிட்டர்தான் கொள்ளும். பெரிய சிக்லிட் எதுவும் வேண்டாம். குஞ்சு வளரும் வரைக்கும் என்று தொடங்குவார்கள், பெரிய தொட்டி வாங்கும் நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். பெரிய தொட்டியை முதலிலேயே வாங்க முடியாது என்றால் மீனை மாற்றுவதே நல்லது.

மேலே சொன்ன 255 லிட்டர் தொட்டியில் வளர்ந்த ஃபிளவர்ஹார்ன் ஒன்று, அல்லது ஆஸ்கர் ஒன்று. அவ்வளவுதான். கூட்டமாகப் பார்க்க ஆசை என்றால் பிளட் பேரட் மூன்று விடலாம். அவை சுமார் 20 செ.மீ. அளவில் நின்றுவிடும், கடிக்கும் வாயும் இல்லை. இரண்டு ஆஸ்கர் வேண்டுமென்றால் 4 x 2 x 2 அடி, சுமார் 450 லிட்டர் தேவை. 6 x 2 x 2 அடி, அதாவது 680 லிட்டர் வந்தால்தான் மூன்று ஆஸ்கர் என்ற பேச்சே எடுக்கலாம்.

கொள்ளளவு சரியாக இருந்தாலும் அகலத்தைப் பாருங்கள். ஓர் அடி நீள மீன், ஓர் அடி அகலத் தொட்டியில் வளையாமல் திரும்ப முடியாது. உயரமான, ஒடுக்கமான தொட்டி பார்க்க அழகு, இந்த மீன்களுக்கு உதவாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற இடங்களில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 255 லிட்டர் தொட்டி, கண்ணாடி, கல், மேசை எல்லாம் சேர்த்து 300 கிலோவைத் தாண்டும். 680 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே ஒரு சின்னக் காரின் எடையை நெருங்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கட்டட நிர்வாகத்திடமும் கேட்காமல் வாங்காதீர்கள். 'பெரிய தொட்டி வாங்கிக்கலாம்' என்ற திட்டம் மாடி வீட்டில் நடக்காமல் போகலாம் என்பதால், அதற்கேற்ற மீனைத் தேர்வு செய்வதே புத்திசாலித்தனம்.

ஏற்கெனவே நெரிசலாகிவிட்டதா?

மீன்கள் மேற்பரப்பில் வந்து வாயைப் பிளக்கின்றனவா? ஒன்று மட்டும் எப்போதும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் நிற்கிறதா? துடுப்பு கிழிந்திருக்கிறதா? தலையில் சின்னச் சின்னக் குழிகள் விழுகின்றனவா? இவை எல்லாமே நெரிசலான தொட்டியில் வழக்கமாகக் காணும் அறிகுறிகள்.

இரண்டு நாளைக்குத் தீனி போடாதீர்கள். வளர்ந்த சிக்லிட் அதனால் செத்துப்போகாது. காற்றுக் கல் ஒன்றைச் சேருங்கள். சோதனைத் திரவம் வாங்கிப் பாருங்கள்: அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும். அடிபடும் மீனைப் பிரிக்கத் துளைகள் உள்ள தடுப்புப் பலகை போடுங்கள். தடுப்பு சண்டையை நிறுத்தும், தண்ணீரைச் சுத்தமாக்காது. மீன் எண்ணிக்கையைக் குறைப்பது ஒன்றுதான் நிரந்தரத் தீர்வு.

எங்கே கொண்டுபோய் விடுவது?

கிள்ளான் ஆறு, வீட்டுப் பக்கத்து ஏரி, பெரிய வாய்க்கால் எதுவும் பதில் இல்லை. இதை 'உயிரைக் காப்பாற்றினேன்' என்று நினைத்துச் செய்பவர்கள் அதிகம், கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் மாத்தானோ என்றொரு ஏரி இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் வாழும் மிக ஆழமான ஏரி. அங்கே யாரோ விட்ட ஃபிளவர்ஹார்ன்கள் பெருகி, கரையோரம் முழுக்கப் பரவி, அந்த ஏரிக்கே உரிய மீன்களுக்கு அச்சுறுத்தலாகிவிட்டன. நம் நாட்டில் பீகாக் பாஸ் என்ற தென் அமெரிக்கச் சிக்லிட், கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளில் நிலைபெற்றுவிட்டது. சுங்கை லங்காட்டில் பெருகிவிட்ட இக்கான் பண்டாராயாவைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு ரிங்கிட் தர சிலாங்கூர் மாநில அரசு முன்வரும் நிலை வந்தது. அது இந்த நாட்டு ஆற்று மீனே அல்ல. தொட்டிக்காக வாங்கி, பெரிதானதும் ஆற்றில் விடப்பட்ட மீன்.

ஆற்றுக்குப் பதிலாக, முதலில் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். காசு கிடைக்காது, பல கடைகள் சும்மா கொடுத்தால் எடுத்துக்கொள்ளும். பெரிய தொட்டி வைத்திருக்கும் உறவினர், நண்பர் வட்டம் அடுத்தது. மீனின் நீளத்தைத் தெளிவாகச் சொல்லி, ரூலரோடு படம் எடுத்துப் போட்டால், இடம் உள்ளவர்தான் முன்வருவார். யாரும் கிடைக்கவில்லை, மீனும் நோயாளி என்றால், மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். வலியில்லாமல் முடிக்கும் வழிகள் இருக்கின்றன. கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் ஆற்றில் விடுவதைவிட அது மேல்.

இன்னும் வாங்கவில்லை என்றால் வேலை சுலபம். கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'அண்ணே, இது கடைசியில எவ்வளவு பெருசாகும்? பெருசானா திரும்ப எடுத்துக்குவீங்களா?' முதல் கேள்விக்குப் பதிலாக 'தொட்டிக்கு ஏத்த மாதிரிதாங்க வளரும்' என்றால், வேறு கடை பாருங்கள்.